மிதிவெடி நிலத்தில் டிராக்டர் விடலாமா?

கேள்வி: நான் சேலம் மேக்னசைட் சுரங்கத்தில் வெடி வைக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் நண்பருக்கு, இலங்கையின் வடக்கே முகமாலை அருகே தென்னங்காணி இருக்கிறது. 2009இல் போர் முடிந்தும் அங்கே மிதிவெடி அகற்றும் பணி முடியவில்லை. புதருக்குத் தீ வைத்து, டிராக்டர் விட்டு உழுதுவிடலாமே என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கூடவே கூடாது என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். தீயில் எல்லா மிதிவெடியும் வெடித்துவிடாது. எஞ்சியவை பழுதுபட்டு, முன்னிலும் ஆபத்தாகிவிடலாம். கலப்பையோ அவற்றைப் புரட்டி வேறிடத்துக்கு இழுத்துப் போய்விடும்.

தாமதத்தின் காரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. பத்துக் குழிக்கு மருந்து ஏற்றி ஒன்பது ஓசைதான் கேட்டதென்றால், பத்தாவதைக் கண்டு தீர்க்கும்வரை நீங்கள் ஆளை உள்ளே விட்டிருக்கமாட்டீர்கள். உங்கள் கையில் குழிக்கணக்கு இருந்தது. இராணுவமும் புலிகளும் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்ற முகமாலை முன்னரங்கில், இரு தரப்பும் புதைத்தவற்றுக்கு முழுக் கணக்கு எவரிடமும் இல்லை. ஆகவே பணியாளர்களின் நாள்களில் பெரும்பகுதி வெடியை எடுப்பதில் அல்ல, வெடி இல்லாத மண்ணை இல்லையென்று உறுதிசெய்வதிலேயே கழிகிறது.

உலோகம் காட்டும் கருவி ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்கும் முள்கம்பித் துண்டுக்கும் ஒலிக்கும். மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' மிதிவெடியிலோ உலோகம் மிகக் குறைவு. (சேர்வராயன் மலையில் நாம் காணும் இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணைப் போன்ற நிலமாயிருந்தால், சில கருவிகள் மண்ணுக்கே ஒலித்துக் குழப்பும்.) அதனால் இலங்கையில் பல இடங்களில், நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டித் தேடும் முறையைக் கையாள்கிறார்கள். அவ்வாறு வெயிலில் பாடுபடுவோரில் கணவரைப் போரில் இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை நினைக்கையில், ஏன் தாமதம் என்று அவர்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல்தான் சேர்ந்தது. 2018 ஜூனில் அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்ததால், புதைந்திருப்பவற்றை அகற்றி முடிக்க அதன்படி கிடைத்த பத்தாண்டுக் கெடு 2028 ஜூன் வரை.

நண்பர் ஊர் திரும்புமுன், தம் காணியில் மிதிவெடி அகற்றப்பட்டு, அது முறைப்படி கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலர் வழியாக உறுதிசெய்துகொள்ளட்டும். எவ்வளவு ஆழம்வரை தேடினார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கிணறோ அத்திவாரமோ அதற்குக் கீழே தோண்ட வேண்டியிருந்தால், மண்வெட்டியை எடுக்குமுன் மீண்டும் மிதிவெடி அகற்றுவோரிடம் தெரிவிக்க வேண்டும்.