சியர் கேர்ள்ஸின் சம்பளம் – கடிதம்

வணக்கம் சார்,

போன ஞாயிறு வீட்டில் ஐபிஎல் பார்த்துக்கொண்டிருந்தோம். சிக்ஸர் போனதும் கேமரா நேராக மைதான ஓரத்தில் ஆடுகிற சியர் கேர்ள்ஸிடம் போயிற்று. பத்து வயது மகள், “இவங்களும் ப்ளேயராப்பா?” என்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அமெரிக்காக்காரன் பெண்களை அரைகுறையாக ஆடவிட்டு ஆரம்பித்த கூத்து நமக்கெதற்கு? சேப்பாக்கத்துக்கு விசில் போதாதா?

செந்தில், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

உங்கள் கேள்வியைவிட மகளின் கேள்வி நன்றாக இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அமெரிக்காக்காரன் ஆரம்பித்தது சரி, ஆனால் பெண்களை வைத்து ஆரம்பிக்கவில்லை. 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோது ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று கத்தினார், கூட்டமும் சேர்ந்து கத்தியது, அதைத்தான் தொடக்கம் என்கிறார்கள். அங்கேயே பெண்கள் சேர 25 வருஷம் ஆயிற்று. ரொம்ப நாள் வரை பையன்களுக்கு இது கௌரவமான வேலை. ஐசன்ஹோவர், ரீகன் இருவருமே படிக்கிற காலத்தில் சியர்லீடர்கள், அதாவது கூட்டத்தைக் கத்தவைத்து உற்சாகப்படுத்துகிறவர்கள், பின்னாளில் ஜனாதிபதிகள்! இரண்டாம் உலகப்போருக்குப் பையன்கள் போனபோது இடம் பெண்கள் கைக்கு வந்தது. அப்புறம் அதை யாரும் ஜனாதிபதிக்கான பயிற்சியாகப் பார்க்கவில்லை.

நீங்கள் டிவியில் பார்த்தது இதில் ஒரு கிளைதான். 1972 வாக்கில் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற ஃபுட்பால் அணி தேர்ந்த நடனக்காரிகளை, அந்தக் குட்டை உடையில், மைதானத்தில் இறக்கியது. டிவிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. 2008இல் முதல் ஐபிஎல்லுக்கு பெங்களூரு அணி வாஷிங்டனிலிருந்து ஒரு குழுவையே வரவழைத்ததும் அந்த மாதிரியைப் பார்த்துத்தான். இன்னொரு கிளை பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருக்கிறது: ஆள்மேல் ஆள் ஏறுவது, தூக்கி வீசிப் பிடிப்பது, எலும்பு முறிவது. அது விளையாட்டா இல்லையா என்று கோர்ட்டு வரைக்கும் போயிற்று. க்வினிபியாக் என்ற பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, பதிலுக்கு சியர் அணியைப் பெண்களுக்கான விளையாட்டு அணியாகக் கணக்கு காட்டப் பார்த்தது. இதை இன்னும் விளையாட்டாக ஏற்க முடியாது என்று 2010இல் நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் 2021இல் ஒலிம்பிக் கமிட்டி இதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரமே கொடுத்தது.

சரி, உடை. நீங்கள் உடையில் நின்றுவிட்டீர்கள், எனக்கு உறுத்துவது கூலி. 2014இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற ஃபுட்பால் அணியின் சியர்லீடர் ஒருவர் வழக்குப் போட்டார். ஒரு ஆட்டத்துக்கு 125 டாலர், அதுவும் சீசன் முடிந்த பிறகுதான் கையில் வரும். ஒத்திகைக்குப் பைசா கிடையாது, மேக்கப் செலவு அவர்களுடையது, தவறான பாம்பாமை (கையில் ஆட்டுகிற குஞ்சம்) எடுத்து வந்தால் அபராதம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணிக்கு 5 டாலருக்கும் கீழே. அதே மைதானத்தில் பந்தைத் தொடுகிறவர்கள் கோடிகளில் வாங்குகிறார்கள்! கடைசியில் 12.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்தார்கள். அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில், தொழில்முறை அணிகளின் சியர்லீடர்களும் ஊழியர்களே என்று சட்டம் வந்தது. கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் லொரேனா கொன்சாலஸ் கல்லூரியில் சியர்லீடராக இருந்தவர்.

“நமக்கெதற்கு, நிறுத்திவிடலாமே” என்கிறீர்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஃபுட்பால் அணியில் அதுதான் நடந்தது. ஐந்து சியர்லீடர்கள் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள், சில நாட்களிலேயே குழுவையே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் பண்பாட்டுக்காகக் கேட்பதை அங்கே காசுக்காகச் செய்தார்கள், இரண்டிலும் வீட்டுக்குப் போவது அந்தப் பெண்தான். விசில் எனக்கும் பிடிக்கும், சேப்பாக்கத்தில் அது போதும் என்பதிலும் சண்டை இல்லை. ஆனால் விசிலடிக்கிறவர் டிக்கெட் வாங்கி வந்தவர், அந்தப் பெண்கள் ஏப்ரல் வெயிலில் வேலைக்கு வந்தவர்கள்.

மகளிடம் அதையே சொல்லுங்கள்: ப்ளேயர் இல்லம்மா, வேலைக்கு வந்திருக்கிற அக்காங்க. எவ்வளவு சம்பளம் என்று அவள் கேட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.