தோற்றாலும் லட்டு

கே: அமெரிக்க இடைக்காலத் தேர்தல் முடிவு வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் ஜெயித்த மாதிரியே பேசுகிறார்களே, அது எப்படி?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: அதிபரின் நாலு வருஷப் பதவிக்கு நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல் அது. அங்கே நாடாளுமன்றத்தில் கீழவை, செனட் என்று இரண்டு சபைகள் இருப்பது பெரிய சௌகரியம். 2018-ல் அப்போதைய அதிபர் டிரம்பின் குடியரசுக் கட்சி கீழவையில் சுமார் 40 இடங்களையும், கூடவே பெரும்பான்மையையும் பறிகொடுத்தது. செனட்டில் 2 இடம் கூடியது. அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு, பிரமாதமான வெற்றி என்று அன்றிரவே ட்விட்டரில் போட்டுவிட்டார் மனிதர். அப்புறம் மறுநாள் நிருபர்கள் முன்னால், தன்னோடு ஒட்டாமல் நின்று தோற்ற சொந்தக் கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் குத்திக்காட்டினார். எதிர்க்கட்சிக்கு வேலையே வைக்கவில்லை!

2022-ல் கதை தலைகீழ். அப்போது அதிபர் ஜனநாயகக் கட்சியின் பைடன். 'சிவப்பு அலை' வரும் என்றார்கள். (சிவப்பு அங்கே குடியரசுக் கட்சியின் நிறம். நம்மூர்த் தோழர்கள் பரவசப்பட வேண்டாம்.) கீழவையில் 222 இடத்தோடு அலை நின்றுவிட்டது, பெரும்பான்மைக்கு 218 போதும். சரி, அவையைப் பிடித்தாயிற்றே? ஆனாலும் அவர்கள் முகத்தில் சாவு வீட்டுக் களை. அவையை இழந்த ஜனநாயகக் கட்சியோ, செனட் தப்பியதென்று லட்டு கொடுக்காத குறை.

எனக்குப் பிடித்தது 2010 ஒபாமாதான். அவர் கட்சிக்குக் கீழவையில் 63 இடம் போனது. செனட் கையில் இருந்தும் அதைச் சொல்லிச் சமாளிக்காமல், செம அடி வாங்கினோம் என்று மறுநாளே ஒப்புக்கொண்டார். 2006-ல் புஷ்ஷும் அப்படித்தான். கையோடு பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டையும் வீட்டுக்கு அனுப்பினார்.