உள்கியர் ஹப்பும் மோட்டாரும்: கேட்டவர்களுக்குப் பதில்

என் 26 அங்குலச் சைக்கிளில் பின்சக்கரத்தில் ஷிமானோ நெக்ஸஸ் 3 கியர் ஹப் (சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே கியர்கள் அடங்கியது, அதனால் உள்கியர் ஹப்), பெடல் அச்சில் 250 வாட் பாஃபாங் பிபிஎஸ்01 மோட்டார். இதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

சென்னை: டீரெய்லர் கியர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் வெளிக்கியர்) மலிவாகக் கிடைக்கும்போது உள்கியர் ஹப் எதற்கு சார்?

சிக்னலுக்காக. டீரெய்லரில் பெடல் சுற்றினால்தான் கியர் மாறும். மூன்றாவது கியரில் வந்து சட்டென்று பிரேக் போட்டு நின்றால், அதே கியரில்தான் கிளம்ப வேண்டும். மோட்டார் திணறும், சூடாகும். உள்கியர் ஹப்பை நின்ற இடத்திலேயே முதல் கியருக்கு மாற்றிவிடலாம். செயினும் நேர்கோட்டில் ஓடுவதால் தேய்மானம் குறைவு.

மதுரை: மூன்று கியர் போதுமா அண்ணா?

சமதளத்துக்குத் தாராளம். என்னுடையதில் முன்னே 46 பல், பின்னே 18. நிமிடத்துக்கு 70 மிதியில் இரண்டாம் கியர் 22 கிலோமீட்டர் வேகம் தரும், முதல் கியர் 16, மூன்றாவது 30. மலைப்பக்கம் போகிறவர் நெக்ஸஸ் 8 பாருங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, அப்பாவின்ரை பழைய ராலி சைக்கிளிலை ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் கிடக்கு. அதுக்கு மோட்டார் பூட்டலாமோ?

பூட்டலாம் தம்பி, ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் ஹப்பின் உடலைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ‘ஏடபிள்யூ’ என்ற எழுத்தும், பக்கத்தில் இரண்டு எண்களும் பொறித்திருக்கும். 62, 7 என்று இருந்தால் 1962 ஜூலையில் செய்தது. எண்ணெய் விடச் சின்ன மூடி ஒன்று இருக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு, இரவு முழுக்க வைத்து, மறுநாள் சுற்றிப் பாருங்கள்.

இந்த ஹப்பில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரிலும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. கேபிள் சரியாக இல்லாவிட்டால் பெடல் சும்மா சுற்றும். காலால் மிதிக்கும்போது அது ஒரு திடுக்கிடலோடு போய்விடும். மோட்டார் இருந்தால், அந்த ஒரு நொடியில் அது வேகமெடுத்துவிடும், பிறகு கியர் விழும்போது உள்ளே சம்மட்டி அடி. அதனால் இரண்டாம் கியரில் வைத்து, வலது பக்க நட்டில் உள்ள துளை வழியாகப் பாருங்கள். கேபிள் முனையின் குட்டிச் சங்கிலியோடு வரும் சின்னக் கம்பியின் தோள் (அதன் தடிப்பு மாறும் இடம்), ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) முனையோடு மட்டமாக நிற்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் கேபிளைத் திருகிச் சரிசெய்யுங்கள். இதை முடிக்காமல் பேட்டரியை இணைக்க வேண்டாம்.

சேலம்: ஆக்சில் வாஷர் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

இதற்கு முழுப் பதில் சொல்கிறேன், எல்லோரும் படியுங்கள். இந்த ஹப்புகளுக்குள் ஆக்சிலோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் ஒரு நடுப் பல்சக்கரம் (நடுப்பல்) உண்டு. சின்னப் பல்சக்கரங்கள் அதைச் சுற்றி ஓடித்தான் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அந்த நேரத்தில் நடுப்பல் ஆக்சிலைத் திருப்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஃபிரேமின் பிளவுக்குள் உட்காரும் நாக்கு வைத்த வாஷர்தான். மோட்டார் வந்தால் அந்தத் திருப்பும் விசை இன்னும் கூடும். நான் முதன்முதலில் மாட்டியபோது சாதாரண வட்ட வாஷர் போட்டேன். இரண்டாம் நாளே ஆக்சில் கால் சுற்று திரும்பி, பிளவின் ஓரத்தைச் சுரண்டி, நட்டும் தளர்ந்துவிட்டது. நாக்கு வாஷர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

திருச்சி: 80 சிசி பெட்ரோல் கிட் போடலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் விலக்கு 25 சிசி வரைதான். அதற்கு மேல் என்றால் பதிவு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். பெட்ரோல் எனக்குத் தெரிந்த துறையும் அல்ல.

ஏற்காடு: ஏற்றத்துக்காக முன்னே 32 பல், பின்னே 22 பல் போடப் போகிறேன். ஹப்புக்கும் சுலபமாக இருக்கும்தானே?

உங்கள் முழங்காலுக்குச் சுலபம், ஹப்புக்குக் கஷ்டம். மோட்டார் பெடல் அச்சில் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு (திருப்பும் விசை) தருகிறது என்று வையுங்கள். 46க்கு 18 என்றால் ஹப்புக்குள் போவது 31. 32க்கு 22 என்றால் 55.

கோவை, லேத் பட்டறை: இந்தக் கணக்கு தப்பு சார். 250 வாட் எந்தப் பல் போட்டாலும் 250 வாட்தான். மக்களைப் பயமுறுத்தாதீர்கள்.

வாட் மாறாது, சரி. ஆனால் பல்லை உடைப்பது வாட் அல்ல, முறுக்கு. உங்கள் லேத்தில் பேக் கியர் (வேகம் குறைக்கும் பல்லிணைப்பு) போட்டால் மோட்டார் அதேதான், ஆனால் சக் சுற்றும் வலு எவ்வளவு கூடுகிறது? இங்கேயும் அதுதான்.

அதே பட்டறை: அப்படியானால் 75 கிலோ ஆள் எழுந்து நின்று மிதிப்பதைப் பாருங்கள். 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) 125 நியூட்டன் மீட்டர் வருகிறது. அதையே தாங்கும் ஹப்புக்கு உங்கள் 80 எம்மாத்திரம்?

நல்ல கேள்வி, கணக்கும் சரி. மோட்டாரின் பலத்தால் மட்டும் ஹப் சாவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் சேர்கின்றன: 125உம் 80உம் 205. ஏற்காட்டுக்காரரின் பல்லில் அது ஹப்புக்குள் 141 ஆகிறது.

அதைவிட முக்கியமானது வேறு. பெடல் உச்சியிலும் அடியிலும் வரும்போது காலின் விசை கிட்டத்தட்ட இல்லாமல் போகும். கியர் அந்த இடைவெளியில்தான் வழுக்கி விழுகிறது. நமக்கே தெரியாமல் காலைத் தளர்த்தியும் கொடுக்கிறோம். மோட்டாருக்கு அந்த இடைவெளி கிடையாது. நான் பிரித்த ஒரு பழைய ஏடபிள்யூ ஹப்பில் பற்கள் புதிதுபோல இருந்தன. கியரை இணைத்து விடுவிக்கும், நான்கு கை கொண்ட கிளட்சின் முனைகள் மட்டும் சோப்புக்கட்டிபோல மழுங்கியிருந்தன. அது சுமையோடு கியர் மாற்றிய தேய்மானம்.

ஆகவே கியர் கேபிளில் கியர் சென்சார் மாட்டுங்கள். கேபிள் அசைந்ததுமே மோட்டாரை நொடியில் ஒரு பங்கு நிறுத்திவிடும். அது இல்லையென்றால், மோட்டாரை நிறுத்தும் பிரேக் லீவரை லேசாகத் தொட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

அதே பட்டறை: கிளட்ச் விஷயம் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

நன்றி. முனை மழுங்கிய கிளட்சை உங்கள் பட்டறையில் சீராக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி: 1000 வாட் போட்டால் நெக்ஸஸ் 3 தாங்குமா?

தாங்காது. 250 வாட்டையோ 25 கிலோமீட்டர் வேகத்தையோ தாண்டினால் பதிவுக்கும் போக வேண்டும்.

தஞ்சாவூர்: மலையில் சின்ன முன்பல் நல்லதா?

மேலே ஏற்காட்டுக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: பேட்டரி எங்கே மலிவு?

மலிவு தேடாதீர்கள். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) இல்லாத பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள். மற்றதை பேட்டரி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கடலூர்: என் ஹப்பில் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். அதோடு பிபிஎஸ் சரிப்படுமா?

சாதாரண பிபிஎஸ்ஸில் பெடல் பின்னோக்கிச் சும்மா சுற்றும், பிரேக் வேலை செய்யாது. பின் பிரேக் இல்லாமல் போய்விடும். போடாதீர்கள்.

நாகர்கோவில்: நாக்கு வாஷர் ஒன்று போதுமா, இரண்டா?

இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. 50 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனர் எடுத்து இரண்டு நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.