ஒரு குழுவில் இரண்டு குரல்

கேள்வி: ‘வில்கோ’ குழுவின் பாடல்களை விரும்பிக் கேட்பவன் நான். அதன் பாடகர் ஜெஃப் ட்வீடி அதற்குமுன் ‘அங்கிள் டுபெலோ’ என்ற குழுவில் இருந்தார் என்றும், நான்கே ஆல்பங்களோடு அது கலைந்துபோனது என்றும் அறிந்தேன். பெயர் எடுத்துக்கொண்டிருந்த வேளையில் ஏன் பிரிந்தார்கள்?

பதில்: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியுள்ள பெல்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஜே ஃபேரர், ட்வீடி, டிரம்ஸ் வாசித்த மைக் ஹைடார்ன் ஆகிய மூவர் 1987-இல் தொடங்கிய குழு அது. பங்க் என்ற முரட்டு ராக் இசையின் ஆவேசத்தையும், கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையின் பழைய பாடல்களிலுள்ள துயரத்தையும் ஒரே மூச்சில் பாடிய அவர்களுடைய முதல் ஆல்பமான ‘நோ டிப்ரெஷன்’ 1990-இல் வெளிவந்தது. பழைய கன்ட்ரி இசைக்குழுவான கார்ட்டர் குடும்பத்தார் 1936-இல் பதிவுசெய்த பாடலிலிருந்து எடுத்த அந்தத் தலைப்பே 1995-இல் தொடங்கிய ஓர் இசைப் பத்திரிகைக்கும் பெயரானது. 1992-இல் ஆர்.இ.எம். என்ற ராக் குழுவின் பீட்டர் பக் தயாரிக்க, ஐந்தே நாட்களில் மூன்றாவது ஆல்பத்தை முடித்து, பதிவு நடந்த தேதிகளையே (மார்ச் 16–20) அதற்குத் தலைப்பாகவும் வைத்துவிட்டார்கள். தலைப்புக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாத அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கும்.

தொடக்கத்தில் பெரும்பாலும் ஃபேரரே பாடினார். ட்வீடி பேஸ் கிட்டாருடன் பக்கத்தில் நின்றார். ஹைடார்ன் விலகி, புதியவர்கள் சேர்ந்து, பெரிய இசைத்தட்டு நிறுவனமான சையருக்காக ஆஸ்டினில் பதிவான ‘அனோடைன்’ (1993) ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள்: பன்னிரண்டு பாடல்களில் ஃபேரர் எழுதியவை ஆறு, ட்வீடி எழுதியவை ஐந்து. பணமோ புகழோ அல்ல, இந்தக் கணக்குதான் பிரிவுக்கு வேர் என்பது என் எண்ணம். தன் நிழலில் வளர்ந்த தோழன் சரிக்குச் சரியாக வந்து நின்றதை ஏற்க ஃபேரருக்கு மனம் வரவில்லை. 1994 ஜனவரியில் விலகுவதாக மேலாளரிடம் தெரிவித்த அவர், குழுவுக்காக மேலாளர் பட்ட கடனை அடைப்பதற்காகக் கடைசிச் சுற்றுப்பயணத்துக்கு மட்டும் இணங்கினார். ஆனால் ட்வீடியின் பாடல்களுக்குத் துணைக்குரல் கொடுக்க மறுத்தார். மே 1 அன்று செயின்ட் லூயிஸின் ‘மிசிசிப்பி நைட்ஸ்’ அரங்கில் எல்லாம் முடிந்தது. பழைய ஹைடார்னும் வந்து அன்று டிரம்ஸ் வாசித்தார்.

மறு ஆண்டே ஃபேரர், ஹைடார்னைச் சேர்த்துக்கொண்டு ‘சன் வோல்ட்’ குழுவின் ‘ட்ரேஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார். மற்ற உறுப்பினர்கள் ட்வீடியுடன் தங்கி வில்கோ ஆனார்கள். அப்போது விமர்சகர்கள் அதிகம் பாராட்டியது, நீங்கள் விரும்பும் வில்கோவின் முதல் ஆல்பத்தை அல்ல, ‘ட்ரேஸ்’ஸைத்தான்.