சிபி88-ஆ, ஆர்டி-2000-ஆ? முதலில் எடையைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. மேடைக்கும் வீட்டு ஸ்டுடியோவுக்கும் ஒரே டிஜிட்டல் பியானோ வேண்டும், யமஹா சிபி88-ஆ ரோலண்ட் ஆர்டி-2000-ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாளாகத் தூக்கிப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள், என் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிபி88 18.6 கிலோ, ஆர்டி-2000 அதைவிட 3 கிலோ அதிகம். பெட்டியும் சேர்ந்தால் மாடிப்படியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் என் ஓட்டு சிபி88-க்கு. எதிரொலி போன்ற எஃபெக்டுக்கெல்லாம் அதில் தனித்தனிக் குமிழ் இருப்பதால் பாட்டு நடுவே மெனுவில் தேட வேண்டாம்.

வாங்கும் முன் ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பல மேடைகளில் ஒலி மோனோவாகத்தான், அதாவது இடம் வலம் பிரியாமல் ஒரே ஒலியாகத்தான் போகும். ஹெட்போனில் அகலமாக, அழகாகக் கேட்ட ஸ்டீரியோ பியானோ அங்கே இடதும் வலதும் கலந்து வெறுமையாகக் கேட்கலாம். கடையிலேயே ஒரே ஒரு ஸ்பீக்கரில், இடப்பக்க மோனோ அவுட்டில் வாசித்துப் பாருங்கள். மெல்லத் தொட்டு ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடியுங்கள், கீ எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று விரலுக்கே புரியும்.

ஸ்டுடியோவுக்கு இரண்டுமே போதும், யுஎஸ்பி வழியே மிடியும் (எந்தக் கீயை எப்படி அடித்தீர்கள் என்ற தகவல்) ஆடியோவும் கணினிக்குப் போகும். அப்புறம், கணினியில் வேறு பியானோ ஒலியை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால் பதற வேண்டாம், பியானோவின் சொந்த ஒலியும் கூடவே எழுவதுதான் காரணம், கீயை அந்த ஒலியோடு இணைக்கும் லோக்கல் கண்ட்ரோல் என்ற அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும்.