சும்மா கிடைத்த வீட்டுக்கு மாதம் ஐம்பதாயிரம்

கேள்வி: வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 28. ஆறு மாதங்களுக்கு முன் நிறுவனம் என்னை யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றியது. அலுவலகம் ஸ்ரான்லி வீதியில் இருக்கிறது. பிடித்தங்கள் போகக் கைக்கு 150,000 ரூபாய் வருகிறது. அம்மாவுக்கு 40,000 அனுப்புகிறேன். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் உரும்பிராய் வீடு பூட்டிக் கிடந்தது. "வாடகை எதற்கு, எங்கள் வீட்டிலேயே இரு" என்றார், வந்துவிட்டேன். மாலையில் பஸ் குறைந்துவிடுகிறது, இரவில் எங்கும் போக முடியவில்லை, இங்கே நண்பர்களும் இல்லை. அதனால் மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வருகிறேன். கடனட்டையில் 130,000 நிலுவை நிற்கிறது. எப்படி ஏறியது என்று தெரியவில்லை. நிலையான வைப்பில் 300,000 உண்டு, அதைத் தொட மனமில்லை. மின்சார ஸ்கூட்டர் ஒன்றை லீசிங்கில் எடுத்தால் இரவில் வெளியே போய் வரலாம், ஓட்டோக் காசும் மிஞ்சும் என்று நினைக்கிறேன். எடுக்கலாமா? அல்லது வீடு மாறுவதா? மாறினால் எந்தப் பகுதி நல்லது?

பதில்: தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஆறு மாதக் கடனட்டைக் கணக்கை இரண்டு தடவை வாசித்தேன். நிலுவை எப்படி ஏறியது என்று தெரியவில்லை என்கிறீர்கள். அது வரி வரியாக அங்கேயே இருக்கிறது. கிணற்று மோட்டார் 46,000. கூரை ஓடும் மரமும் வாங்கிய ஹாட்வெயார்க் கடை 58,000. கேற் வேலை 39,000. மதில் சரிந்ததற்குச் சீமெந்தும் கல்லும், மேசனுக்குக் கொடுக்க அட்டையிலேயே எடுத்த காசுமாக 67,000. ஆகமொத்தம் 210,000. உங்களுக்கென்று இந்த ஆறு மாதத்தில் நீங்கள் வாங்கியது ஒரு சோடி சப்பாத்து, அதையும் அந்த மாதமே கட்டிவிட்டீர்கள். பெரியப்பா ஊருக்கு வந்த ஒருவரிடம் 80,000 கொடுத்து அனுப்பியிருக்கிறார். மிச்சம் 130,000. உங்கள் நிலுவையும் அதே 130,000.

ஆகவே இது உங்கள் கடனே அல்ல. பெரியப்பாவின் வீட்டுக் கடனை உங்கள் பெயரில், 26 சதவீத வட்டிக்கு, நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். "நீ இப்போதைக்குப் போடு, கணக்கைப் பிறகு பார்ப்போம்" என்று அவர் சொல்கிறார், நீங்களும் போட்டுவிடுகிறீர்கள். உங்களைக் கெடுப்பது அந்தப் பழக்கம். ஸ்கூட்டர், கொழும்புப் பயணம், இரவுத் தனிமை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

பெரியப்பாவை நான் குறை சொல்லவில்லை. வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டில் கறையான் ஏறுகிறது என்று கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். வீட்டில் பெறாமகன் இருக்கிறான் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் எழுதிக் காட்டவில்லை. நீங்களும் காட்டவில்லை.

இப்போது வாடகை இல்லாத வீட்டின் மாதக் கணக்கைப் போடுவோம். வெளி மின்விளக்குகளை விடிய விடிய எரியவிடச் சொல்லியிருக்கிறார்; மோட்டாரும் சேர்த்து மின்கட்டணம் 9,000. வளவு துப்புரவாக்க மாதம் இரண்டு தடவை ஆள் பிடிப்பது 7,000. பட்டினத்திலிருந்து உரும்பிராய்க்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். இரவில் ஓட்டோ 900 ரூபாய், மாதம் பன்னிரண்டு தடவை என்றால் ஏறக்குறைய 11,000. அட்டை வட்டி 2,800. இதுவே 30,000 தொடுகிறது. திருப்பி வராத 130,000 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் இன்னும் 21,000க்கு மேல். கூட்டிப் பாருங்கள், 51,000 தாண்டுகிறது.

திருநெல்வேலியில் தனி வாசலும் குளியலறையும் உள்ள அறை ஒன்றை 22,000 ரூபாய்க்குப் பார்த்ததாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மின்கட்டணம் 3,000, இரவு ஓட்டோ 4,000 என்று வைத்தாலும் 29,000. வாடகை கொடுத்து இருப்பதே மலிவு.

கொழும்புப் பயணத்தை இதில் நான் சேர்க்கவில்லை. ஒரு தடவை போய்வர 7,000 என்றால் மாதம் 14,000, அங்கே சாப்பாடும் பொழுதுபோக்கும் தனி. நீங்கள் ஊதாரி அல்ல. ஏழு மணிக்குப் பிறகு நாய்க் குரைப்பைத் தவிர வேறு சத்தம் இல்லாத இடத்தில் 28 வயதுப் பிள்ளை தனியே இருந்தால், வெள்ளிக்கிழமை பின்னேரம் கால் தானாகக் கொழும்பு பஸ்ஸைத் தேடிப் போகும். இருக்கும் இடத்தை மாற்றாமல் அந்தச் செலவை நிறுத்தச் சொன்னால் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

ஸ்கூட்டர் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025இல் வாகன இறக்குமதி மறுபடியும் தொடங்கியதிலிருந்து, லீசிங் பிரசுரத்தோடு எனக்குக் கடிதம் எழுதாதவர்கள் குறைவு. உங்களுக்குக் கொடுத்த கணக்கு: விலை 650,000, முற்பணம் 150,000, பிறகு மாதம் 16,500 வீதம் 48 மாதம். தவணை மட்டும் 792,000, முற்பணத்தோடு 942,000. விலைக்கு மேல் 292,000 கொடுக்கிறீர்கள். பிரசுரத்தில் "மாதம் 16,500 மட்டுமே" என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது, 942,000 என்பது எங்குமே இல்லை. நான்கு ஆண்டுக் கடன் இது; இடமாற்றம் எப்போது வரும் என்பது உங்களுக்கே தெரியாது. நீங்கள் ஆசைப்படுவது இரவில் வெளியே போய் இரண்டு பியர் குடித்துப் பேசிவிட்டு வர. அதன் பிறகு பலாலி வீதி இருட்டில் ஸ்கூட்டரை ஓட்டி வருவதற்கு நான் கணக்குப் போட்டுத் தர மாட்டேன். அந்த இரவுகளுக்கு ஓட்டோதான். கிட்ட இருந்தால் அது 350 ரூபாய்.

சரி, எந்தப் பகுதி? உங்கள் அலுவலகத்துக்கும் வயதுக்கும் நான் திருநெல்வேலி, கந்தர்மடம், நல்லூரின் மேற்குப் பக்கம் ஆகியவற்றுக்குள்ளேயே தேடுவேன். பல்கலைக்கழகம் இருப்பதால் பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றி மாணவர்களும் இளம் உத்தியோகத்தரும் உலாவுகிறார்கள். சாப்பாட்டுக் கடைகள் மற்ற இடங்களைவிடப் பிந்தித்தான் பூட்டும். அறைக்குப் போட்டியும் அங்கேதான். புதிய மாணவர்கள் வரும் காலத்தில் போனால் வாடகையைக் கூட்டிச் சொல்வார்கள்.

நல்லூர்க் கோயில் வட்டாரம் அமைதி, அழகு, நடந்தே எங்கும் போகலாம். ஆனால் அங்கே பல வீட்டுக்காரர் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க விடமாட்டார்கள். ஆடி, ஆவணியில் வரும் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். சிலருக்கு அது தொல்லை. எனக்கு அந்த நாட்களில் அங்கே வாழ்வது பெரிய கொடுப்பினையாகவே தோன்றும். குருநகர்ப் பக்கம் கடல் காற்றும் மீனும் கைக்கெட்டும் தூரம், வாடகையும் கொஞ்சம் இளகும். தாழ்ந்த இடங்கள் உண்டு, ஆகவே மாரி மழையில் முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று அயல்வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் அல்ல. பஸ் நிலையத்துக்குக் கிட்ட எடுக்க வேண்டாம். பகலில் வசதியாகத் தெரியும், அதிகாலை ஹோர்ன் சத்தத்தில் தூக்கம் போகும்.

எந்த அறையைப் பார்த்தாலும் வாடகைக்கு முன் ஒரு கேள்வி: இரவு எத்தனை மணிக்குப் படலை பூட்டுவீர்கள்? இதைக் கேட்க வெட்கப்பட்டு ஒன்பதரைக்குப் பூட்டும் வீட்டில் ஒரு வருட முற்பணத்தோடு மாட்டியவர்களை நான் அறிவேன். மதிலுக்கு வெளியே நின்று வீட்டுக்கார அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, அவர் எழும்பி, நாயைக் கட்டி, திறப்போடு வரும்வரை நிற்க வேண்டும். மூன்று தடவை அப்படி நின்றால் நான்காம் தடவை வெளியே போகவே மாட்டீர்கள். தனி வாசல், தனித் திறப்பு இரண்டுக்கும் மாதம் 2,000 கூடக் கொடுக்கலாம்.

இரவுப் பொழுது பற்றி ஒன்று. யாழ்ப்பாணத்தில் கொழும்பின் காலி வீதியைத் தேடினால் கிடைக்காது. இங்கே இரவு வேறு விதமாக நடக்கிறது. வெயில் தாழ்ந்ததும் பண்ணைப் பாலத்தடியில் கடலைப் பார்த்துக்கொண்டு கச்சான் கொறிக்கும் கூட்டத்துக்குள் போய் இருங்கள். செலவு கச்சான் சரை ஒன்று. ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கத்தில் இரவுக் காட்சி உண்டு. நல்லூரடியில் றியோ ஐஸ்கிறீம் கடையில் குடும்பங்களும் கூட்டாளிகளும் கலந்திருப்பார்கள். உங்கள் அம்மாவின் ஊர் இணுவில் என்கிறீர்கள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர் போன மண் அது. கோயில் திருவிழா இரவொன்றில் இரண்டு தவில்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதை வீதி மணலில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? நள்ளிரவு தாண்டியும் யாரும் எழும்பிப் போக மாட்டார்கள். டிக்கெட் இல்லை. இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆறு மாதமாக நீங்கள் இந்த ஊரைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஹோட்டல் மதுச்சாலைகளும் உண்டு, போங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் மட்டும் பரிமாற மாட்டார்கள். விலைப்பட்டியலில் வரி தனி என்று போட்டிருந்தால், 1,500 என்று எழுதியதற்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி வந்து 1,950 ஆகும். மாதம் 12,000 ரூபாயை இரவுச் செலவுக்கென்று ஒதுக்கி, குற்ற உணர்ச்சி இல்லாமல் செலவழியுங்கள். ஒரு கொழும்புப் பயணத்தை நிறுத்தினாலே பாதி வந்துவிடும்.

அடுத்தது வைப்பு. 8 சதவீதம் தரும் வைப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு 26 சதவீத நிலுவையை ஓடவிடுகிறீர்கள். 130,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 33,800 வட்டி கட்டி, அதே தொகைக்கு 10,400 வாங்குகிறீர்கள். அதிலும் 10 சதவீதம் வரியாகப் போகிறது. வருடம் 24,000 ரூபாயைத் தெரிந்தே விடுகிறீர்கள். குறைந்தபட்சத் தொகையான 6,500 ரூபாயைக் கட்டி வருவதால் கடன் வேகமாகக் குறைவதாக நினைக்க வேண்டாம், அதில் 2,800 வட்டிக்கே போகிறது. வைப்பை உடையுங்கள். உரிய காலத்துக்கு முன் எடுத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள், வெட்டட்டும். அட்டையை முழுதாகத் தீர்த்துவிட்டு மீதியில் அறைக்கு முற்பணம் கொடுங்கள். ஆறு மாதம் கேட்கிறார்கள் என்றால் 132,000. கையில் 38,000 மட்டும் மிஞ்சும், அது போதாது. மூன்று மாதத்துக்கு, 66,000 ரூபாய்க்கு, பேசுங்கள். நிரந்தர உத்தியோகம், நிறுவனக் கடிதம் இருந்தால் பல வீட்டுக்காரர் இறங்கி வருவார்கள். கையில் 104,000 இருக்கும். பெரியப்பா தரவேண்டிய 130,000 வந்தால் அது அப்படியே வைப்புக்குத் திரும்பட்டும். வராது என்று வைத்தே திட்டமிடுங்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் கடினம். தொலைபேசியில் சொல்லாதீர்கள், அவர் குரலைக் கேட்டதும் "சரி பெரியப்பா" என்றுவிடுவீர்கள். எழுதி அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"பெரியப்பா, ஆறு மாதமும் என்னை வீட்டில் வைத்திருந்ததை மறக்க மாட்டேன். வேலை நேரம் காரணமாகப் பட்டினத்துக்குக் கிட்ட அறை எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைத் திறந்து பார்ப்பேன். இதுவரை வீட்டுக்குச் செலவானது 210,000, நீங்கள் தந்தது 80,000, பற்றுச்சீட்டுகளை இணைத்திருக்கிறேன். இனி வீட்டு வேலைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்கிறேன். அதில் நீங்கள் போடும் காசில் வேலை செய்விப்பேன்."

அந்தத் தனிக் கணக்கில் காசு இல்லையென்றால் வேலை இல்லை. மதில் விழுந்தாலும் அப்படித்தான். அவர் கோபிக்கலாம், அத்தை ஒருவர் வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடம் குறை சொல்லலாம். அதற்கு முன்பே அம்மாவுக்கு அந்த 210,000 ரூபாயின் விவரத்தைக் காட்டிவிடுங்கள். அவர் உங்கள் பக்கம் நிற்பார் என்றே நினைக்கிறேன்.

வீட்டை விட்டு வெளிக்கிடும் நாளில் மின்மானியின் எண்ணைத் திகதியோடு படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்புங்கள். அடுத்த பட்டியல் வரும்போது எது உங்கள் பங்கு என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. வெளி விளக்குகளை எரியவிடுவதா அணைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.