தெர்மக்கோலை விடுங்கள், மெழுகை எடுங்கள்

அண்ணாச்சி, கடற்பனி (கடல்நீர் உறைந்த பனித்தகடு) மோதுவதைக் காட்ட, பாளையங்கோட்டைப் பள்ளிக் கண்காட்சிக்காக உங்கள் மகள் தொட்டியில் மோதவிடும் தெர்மக்கோல் தகடுகள், ஆர்க்டிக் படத்தில் உள்ளதுபோல் வரப்பாக எழாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன என்கிறீர்கள். அதுவும் பாதி சரியே. மெல்லிய கடற்பனி அப்படித்தான் ஏறும். சில நேரம் விளிம்புகள் பட்டை பட்டையாகக் கிழிந்து, பத்தமடைப் பாய் முடைவதுபோல் மாறி மாறி மேலும் கீழும் நுழையும். தடித்த பனிதான் நொறுங்கிக் குவியும். குவியலில் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கும். தெர்மக்கோல் மேலேயே மிதப்பதால் இதைக் காட்டாது.

மெழுகுவர்த்தி மெழுகின் அடர்த்தி ஏறக்குறைய பனிக்கட்டியினுடையதே. அதை உருக்கி (அது உங்கள் வேலை, பிள்ளையிடம் விடாதீர்கள்) வெந்நீர்மேல் மெல்லியதாக ஊற்றி ஆறவிடுங்கள். ஓரங்களைக் கத்தியால் விடுவித்து, நடுவே கீறி, இருபுறமும் மெதுவாக நெருக்குங்கள். வரப்பு வேண்டுமென்றால் தகடு தடிமனாக இருக்கட்டும். கீறிய இடைவெளியில் மெழுகுத் துண்டுகளை நிரப்பித் தள்ளுங்கள்.